300 மில்லிகிராம் செலினியம்

"வக்கீல் சார், நம்ம அப்ளிகேஷன்ல போட்டிருக்கறபடி தீவனம் கலந்தா பண்ணையில ஒரு கோழி மிஞ்சாதுங்க."

2024 ஆகஸ்டில் நாமக்கல்லிலிருந்து வந்த தொலைபேசி. பேசியவர் கோழித்தீவன ஆலை நடத்துகிறவர், என் கட்சிக்காரர். குரலில் கோபம்கூட இல்லை. கொங்குநாட்டுக்காரர்கள் பெரிய நட்டத்தையும் இந்த நிதானத்தில்தான் சொல்வார்கள். அவருடைய அமெரிக்கக் காப்புரிமை விண்ணப்பம் அந்த வாரம் வியாழக்கிழமை வெளியாகியிருந்தது. அமெரிக்காவில் விண்ணப்பங்களை முதல் தாக்கல் தேதியிலிருந்து 18 மாதம் கழித்து வெளியிடுவார்கள், அதுவும் வியாழக்கிழமைகளில்தான். ஆலைக்கு ஆலோசனை சொல்லும் கால்நடை மருத்துவர் அதை இணையத்தில் திறந்து படித்திருக்கிறார். உரிமைகோரல் பகுதிக்கு வந்ததும் பதறிப்போய் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்.

நானும் திறந்து பார்த்தேன். முதல் உரிமைகோரலில், ஒரு கிலோ முழுத்தீவனத்தில் 150 முதல் 300 மில்லிகிராம் வரை செலினியம் என்று இருந்தது. இந்தியாவில் நாங்கள் தாக்கல் செய்ததில் 150 முதல் 300 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

செலினியம் கோழிக்கு வேண்டும், ஆனால் மிகமிகக் கொஞ்சம்தான் வேண்டும். குறைந்தால் குஞ்சுகளுக்குத் தோலுக்கடியில் நீர் கோத்துக்கொள்ளும், அடைமுட்டை சரியாகப் பொரிக்காது. கூடினால் அதுவே நஞ்சு. அதனால்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கோழித்தீவனத்தில் சேர்க்கும் செலினியத்துக்கு 0.3 பிபிஎம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. கிலோவுக்கு 300 மைக்ரோகிராம் என்பதும் அதுவும் ஒன்றே. என் கட்சிக்காரர் செய்தது, சோடியம் செலினைட்டுக்குக் கொழுப்புப் பூச்சுக் கொடுத்து, மணல் போன்ற நுண்குருணையாக்கி, தீவனத்தில் சீராகப் பரவும்படி கலப்பது. மூட்டையின் அடியில் ஒரு அளவு, மேலே ஒரு அளவு என்று ஆகாது. கேட்க எளிது. ஆனால் கிராமில் லட்சத்தில் ஒரு பங்கைக்கூடக் கணக்கு வைக்க வேண்டிய சரக்கை டன் கணக்கான சோளத்தோடும் சோயாவோடும் கலக்கிறவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

அந்த விண்ணப்பத்தை 2023 பிப்ரவரியில் சென்னை கிண்டி அலுவலகத்தில் போட்டோம். போட்டோம் என்றால் கிண்டிக்குப் போய் அல்ல. இந்தியாவில் 2007 முதல் மின்வழித் தாக்கல் உண்டு. 2016 விதித்திருத்தத்துக்குப் பிறகு காப்புரிமை முகவர்களுக்கு அதைத் தவிர வேறு வழியும் இல்லை. இங்கே போவது பிடிஎஃப். கையெழுத்து முதல் கடைசிப் படம் வரை நாம் பார்த்தபடியேதான் அலுவலகமும் பார்க்கும். இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டில் தாக்கல் செய்ய வேண்டுமானால், 39-ஆம் பிரிவின்படி இங்கே போட்டு ஆறு வாரம் பொறுக்க வேண்டும், அல்லது தனி அனுமதி வாங்க வேண்டும். நாங்கள் பொறுத்தோம். பிறகு பாரிஸ் உடன்படிக்கை தரும் 12 மாதத்துக்குள் அமெரிக்காவில் போடுவது என்று முடிவு.

அந்த 12 மாதம் முடிவதற்குச் சில வாரங்கள் முன்புதான், 2024 ஜனவரி 17 அன்று, அமெரிக்கக் காப்புரிமை மற்றும் வணிகச்சின்ன அலுவலகத்தின் புதிய கட்டண விதி நடைமுறைக்கு வந்தது. விவரக்குறிப்பு, உரிமைகோரல்கள், சுருக்கம் ஆகிய மூன்றையும் டாக்எக்ஸ் கோப்பாக, அதாவது திருத்தக்கூடிய வேர்டு ஆவணமாக, ஏற்ற வேண்டும். பிடிஎஃப் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் 400 டாலர் கூடுதல். சிறு நிறுவனங்களுக்கு 160 டாலர், மிகச்சிறு விண்ணப்பதாரருக்கு 80. சாதனம், செய்முறை, கலவை போன்றவற்றுக்கான வழக்கமான புதிய விண்ணப்பங்களுக்குத்தான் இந்த விதி. வடிவமைப்புக்கும் தற்காலிக விண்ணப்பத்துக்கும், பிசிடி என்னும் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தம் வழியாக உள்ளே வருவதற்கும் கிடையாது.

இந்த விதி ஒரே நாளில் வந்ததல்ல. 2020 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 2022 ஜனவரியில் தொடங்கும் என்றார்கள், பிறகு 2023 ஜனவரி, பிறகு ஏப்ரல், பிறகு ஜூன் இறுதி என்று தள்ளிக்கொண்டே போனார்கள். காரணம், அமெரிக்கக் காப்புரிமை வழக்கறிஞர்கள் கூட்டாகக் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அவர்கள் பயம் வீண்பயம் அல்ல. டாக்எக்ஸ் என்பது பக்கம் அல்ல. அது சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். எந்த எழுத்து, எந்த எழுத்துரு, எந்த இடம் என்ற குறிப்புகள் மட்டும்தான் அவற்றில். அந்தக் குறிப்புகளை வாங்கிப் பக்கமாக வரைந்து காட்டுவது, திறக்கிற மென்பொருளின் வேலை. ஒரு மென்பொருள் வரைவதுபோல இன்னொன்று வரையும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சமன்பாடு சிதறலாம், வேதிக்கட்டமைப்பு நகரலாம், அட்டவணை பிரியலாம்.

தமிழில் தட்டச்சு செய்து பழகிய எவருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினியில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தவர்களுக்குத் தெரியும். அம்மா என்று அடித்தது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாய் நிற்கும். கோப்பில் உண்மையில் இருந்தது அந்த ஆங்கில எழுத்துதான். தமிழ் உருவம் எழுத்துரு போட்ட வேஷம்.

எங்கள் விண்ணப்பத்தில் நடந்ததும் அதுதான், கிரேக்க எழுத்தில். பரிசோதனைப் பட்டியல்களை எங்களுக்குக் கொடுத்த ஆய்வகத்தில் பல வருடத்துப் பழைய ஒரு வேர்டு மாதிரியை வைத்திருந்தார்கள். மைக்ரோவைக் குறிக்கும் மியூ வேண்டுமென்றால், ஆங்கில எம் எழுத்தை அடித்து, அதற்கு மட்டும் சிம்பல் என்ற எழுத்துருவைப் போடுவார்கள். திரையில் மியூ தெரியும், அச்சிலும் மியூ வரும். எழுத்துருவை மாற்றினால் உள்ளே இருக்கும் எம் வெளியே வந்துவிடும். மியூ போட்டால் மைக்ரோகிராம், எம் போட்டால் மில்லிகிராம். மருத்துவ ஏடுகளில் மருந்தளவு அச்சிடுகிறவர்கள் காலங்காலமாக அஞ்சும் பிழை இது.

தாக்கல் நடந்தது கெடு முடியும் நாளில். எங்கள் சார்பில் அதைச் செய்தது அமெரிக்காவில் எங்களோடு வேலை செய்யும் ஒரு சட்ட அலுவலகம். நாங்கள் வேர்டு கோப்பும், அதை அச்சிட்ட பிடிஎஃப் பிரதியும் அனுப்பியிருந்தோம். பிடிஎஃப் மட்டும் போட்டு 160 டாலர் கட்டிவிடலாமா என்று அவர்கள் கேட்டார்கள். கட்சிக்காரரிடம் கேட்டேன். அன்றைய மதிப்பில் பதிமூன்றாயிரம் ரூபாய்ச் சொச்சம். "எதுக்குங்க சும்மா குடுக்கறது? அவிங்க கேக்கற மாதிரியே குடுத்துருங்க" என்றார். நியாயமான பேச்சுதான்.

கோப்பை ஏற்றியதும் அமைப்பு ஓர் எச்சரிக்கை காட்டியிருக்கிறது. ஆவணத்தில் ஏதோ ஓர் எழுத்துரு ஏற்கத்தக்க பட்டியலில் இல்லை. அந்த அலுவலகத்தின் உதவியாளர், எந்த எழுத்துரு, எந்த வரி என்று தேடவில்லை. ஆவணம் முழுவதையும் தேர்வு செய்து டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றினார். எச்சரிக்கை போயிற்று. ஏற்றினார். கூடவே நாங்கள் அனுப்பிய பழைய பிடிஎஃப்பைத் துணைப் பிரதியாகச் சேர்த்தார். ஒப்புகைச் சீட்டு வந்தது. எங்களுக்கும் ஒரு பிரதி வந்தது. அவர்களுடைய நள்ளிரவு, குளிர்காலக் கணக்கில் எங்களுக்கு மறுநாள் காலை பத்தரை. நேரம் மிச்சமிருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

பிழை தெரிந்த அன்று இரவே அமெரிக்க வழக்கறிஞரோடு பேசினேன். அனுபவம் உள்ள அம்மையார். தன் அலுவலகத்தின் மேல் பழி வரும் விஷயம் என்று தெரிந்தும் எதையும் மறைக்காமல் பேசினார். அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. எங்களுக்கு முன்னால் என்னென்ன கதவுகள் இருக்கின்றன என்று இருவரும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம்.

முதல் கதவு துணைப் பிடிஎஃப். டாக்எக்ஸ் ஏற்றும்போது பிடிஎஃப் பிரதி ஒன்றையும் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ள அலுவலகம் அனுமதிக்கிறது. வழக்கறிஞர்கள் போட்ட சத்தத்துக்குக் கிடைத்த சலுகை அது. பின்னால் வித்தியாசம் தெரிந்தால் அதைக் காட்டித் திருத்தக் கேட்கலாம், அந்த மனுவுக்கான கட்டணமும் தள்ளுபடி. எங்களுடைய துணைப் பிரதியில் எல்லாம் மியூவாகவே இருந்தது. அப்புறம் என்ன கவலை என்று எனக்குத் தோன்றியது. அம்மையார் அவசரப்படவில்லை. அந்தச் சலுகை, அலுவலகத்தின் அமைப்பு கோப்பை மாற்றும்போது நேரும் பிழைக்கானது. இங்கே அமைப்பு எதையும் மாற்றவில்லை. ஏற்றிய கோப்பிலேயே எம் எழுத்துதான் இருக்கிறது. 2021 ஜூனில் அலுவலகம் வெளியிட்ட அறிவிப்பின்படி, விண்ணப்பதாரர் ஏற்றும் டாக்எக்ஸ் கோப்புதான் மூலம், அதுதான் சாட்சிய ஆவணம். மூலமே தவறாக இருக்கும்போது நகலைக் காட்டி மூலத்தைத் திருத்து என்று எப்படிக் கேட்பது?

வக்கீல் தொழிலில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். பத்திரத்தின் அசல், நகல் என்று நாம் பேசும்போது அசல் என்பது கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று. இங்கே அசல் என்பது யாரும் பார்க்காத எக்ஸ்எம்எல். எல்லோரும் பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்ட பக்கம் வெறும் துணை.

இரண்டாவது கதவு இந்திய விண்ணப்பம். அதுதானே முன்னுரிமை ஆவணம்? அதில் எல்லாம் சரியாக இருக்கிறதே? அமெரிக்கச் சட்டம் இங்கே கறார். முன்னுரிமை கோரும் வெளிநாட்டு ஆவணம் கோப்பில் இருக்கிறது என்பதற்காக, அதை வைத்து அமெரிக்க விண்ணப்பத்தின் பிழையைத் திருத்த முடியாது. 1961-இல் மேல்முறையீட்டு வாரியம் தீர்மானித்த போண்டியூ வழக்கிலிருந்து இதுதான் நிலை. இந்திய விண்ணப்பத்தின் உள்ளடக்கம் முழுவதும் இதில் அடங்கியதாகக் கொள்ளப்பட வேண்டும் என்று அமெரிக்க விவரக்குறிப்பில் முதலிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் கதை வேறு. அந்த வரி சேராமலே தாக்கல் ஆகியிருந்தது. ஏதேனும் ஒரு பகுதி தவறுதலாக விட்டுப்போயிருந்தால், முன்னுரிமை ஆவணத்திலிருந்து அதைச் சேர்த்துக்கொள்ள விதி 57 இடம் தருகிறது. எங்கள் விண்ணப்பத்தில் எதுவும் விட்டுப்போகவில்லை. எல்லாம் இருந்தது, தவறாக இருந்தது.

வெளியீட்டையாவது கட்டணமில்லாமல் திருத்தி மறுபடி வெளியிடச் சொல்லலாமா என்றால், அது அலுவலகம் செய்த பிழைக்கு மட்டும். அலுவலகமோ நாங்கள் கொடுத்ததை அப்படியே வெளியிட்டிருந்தது.

அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்வேன். 2004-இல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன செஃப் அமெரிக்கா வழக்கு. மாவுப் பண்டம் சுடும் முறைக்குக் காப்புரிமை. அடுப்பை 400 முதல் 850 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்துச் சுடுவது என்பதுதான் எண்ணம். எழுதியதோ, மாவையே அந்த வெப்பநிலைக்குக் கொண்டுவருவது என்று. அப்படிச் செய்தால் மாவு கரியாகிவிடும் என்று நீதிமன்றத்துக்கும் தெரியும். இருந்தும் எழுதியது எழுதியதுதான், உரிமைகோரலை நாங்கள் மாற்றி எழுத மாட்டோம் என்று சொல்லிவிட்டது. மாவுக்குச் சொன்னது கோழிக்கும் பொருந்தும். எங்கள் காப்புரிமை அப்படியே கிடைத்திருந்தால், கோழியைக் கொல்லும் தீவனத்துக்கு மட்டும் என் கட்சிக்காரருக்கு ஏகபோகம் இருந்திருக்கும்.

மிஞ்சியது ஒரே கதவு. 1971-இல் சுங்க மற்றும் காப்புரிமை மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவுசெய்த ஓடா வழக்கு. ஜப்பானிலிருந்து வந்த விண்ணப்பம். மொழிபெயர்ப்பில் நைட்ரிக் அமிலம் நைட்ரஸ் அமிலமாகிவிட்டது. திருத்தக் கேட்டபோது, மூலத்தில் இல்லாத புதுச்சரக்கைப் புகுத்துகிறீர்கள் என்ற ஆட்சேபம் வந்தது. நீதிமன்றம் திருத்தத்தை அனுமதித்தது. அதிலிருந்து வந்த விதி இரண்டு கால்களில் நிற்கிறது. அத்துறையில் தேர்ந்த ஒருவர் படித்தால் பிழை இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். சரியானது எது என்பதும் அந்த ஆவணத்திலிருந்தே அவருக்குத் தெரிய வேண்டும். முதலாவது மட்டும் போதாது.

திருத்தத்தைத் தாக்கல் செய்தோம். முதல் காலுக்கு ஆதாரம் கொட்டிக்கிடந்தது. கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்றால் சட்ட உச்சவரம்புக்கு ஆயிரம் மடங்கு. 12 வாரம் அந்தத் தீவனம் தின்ற கோழிகள் சாகவில்லை என்று எடுத்துக்காட்டுப் பகுதி சொல்கிறது. குருணையின் விட்டம் 200 மைக்ரோமீட்டர் என்பது 200 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. இருபது சென்டிமீட்டர் குருணையை எந்தக் கோழி விழுங்கும்? இதெல்லாம் போக, எங்கள் அலுவலகத்தில் எழுதிய சுருக்கத்தில் மைக்ரோகிராம் என்று முழுச்சொல்லாகவே இருந்தது. அது எழுத்துரு மாற்றத்தில் தப்பித்துவிட்டது.

ஆய்வாளர் 2025-இல் ஆட்சேபித்தார். புதுச்சரக்கு என்று 132-ஆம் பிரிவின் கீழும், மூலத்தில் ஆதாரமில்லை என்று 112-ஆம் பிரிவின் கீழும். முதலில் படித்தபோது எரிச்சல் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது இவர் ஆள் விவரமானவர் என்று தெரிந்தது. பிழை இருப்பதை அவர் மறுக்கவில்லை. எது பிழை என்றுதான் கேட்டார்.

தீவனத் தொழிலில் செலினியத்தை நேராகத் தீவனத்தில் போடுவதில்லை. முதலில் அடர்கலவை செய்வார்கள், பிறகு அதில் கொஞ்சம் எடுத்துத் தீவனத்தில் கலப்பார்கள். அமெரிக்க விதியே அடர்கலவைக்குப் பவுண்டுக்கு 272.4 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அதாவது கிலோவுக்குச் சுமார் 600 மில்லிகிராம். ஆகவே கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்பது அடர்கலவைக்கு முற்றிலும் சாதாரணமான அளவு. எங்கள் குருணையில் செலினியம் 0.03 சதவீதம் என்று விவரக்குறிப்பிலேயே இருந்தது. அது கணக்குப்படி கிலோவுக்குச் சரியாக 300 மில்லிகிராம். அப்படியானால், முழுத்தீவனம் என்ற சொல்தான் பிழையாக இருக்கலாமே? குருணை என்று எழுத நினைத்து, தீவனம் என்று எழுதிவிட்டீர்களோ? ஒரு பிழைக்கு இரண்டு திருத்தம் சாத்தியமென்றால் ஓடா விதியின் இரண்டாம் கால் நிற்காது.

எதிர்த்தரப்பில் வக்கீல் ஒருவர் இருந்து இந்த வாதத்தை வைத்திருந்தால் எழுந்து கைகொடுத்திருப்பேன்.

அம்மையாரும் நானும் கட்சிக்காரரும் கால்நடை மருத்துவரும் காணொளியில் உட்கார்ந்தோம். சட்டத்தை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். மருத்துவர் ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டிருந்தார். ஆலைக்காரர் விண்ணப்பத்தின் அட்டவணையைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமலே இருந்தார். பிறகு கேட்டார். "மூணு கூட்டத்துக்கும் ஒரே மூட்டைக் குருணையத்தானுங்க போட்டோம்? அப்புறம் குருணையில 150ன்னும் இருக்கும், 300ன்னும் இருக்கும்னா எப்படிங்க?"

விஷயம் அவ்வளவுதான். அட்டவணையில் மூன்று கூட்டம் கோழிகள். முதல் கூட்டத்துக்கு டன் தீவனத்தில் அரைக் கிலோ குருணை, இரண்டாவதற்கு முக்கால் கிலோ, மூன்றாவதற்கு ஒரு கிலோ. மூன்றிலும் குருணை ஒன்றே, 0.03 சதவீதம். அவற்றுக்கு நேரே செலினிய அளவு 150, 225, 300. அந்த எண்கள் குருணையின் அளவாக இருக்கவே முடியாது. குருணை ஒன்றுதான் என்றால் எண்ணும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எண்கள் மாறுவதால் அவை தீவனத்தின் அளவுதான். ஒரு கிலோ குருணையில் 300 மில்லிகிராம். அதை ஆயிரம் கிலோ தீவனத்தில் கலந்தால் கிலோவுக்கு 300 மைக்ரோகிராம். அரைக் கிலோ போட்டால் 150, முக்காலுக்கு 225. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த எவரும் போடும் கணக்கு. கிலோ, டன், சதவீதம் எல்லாம் சாதாரண எழுத்தில் இருந்ததால் எழுத்துரு மாற்றம் அவற்றைத் தொடவில்லை. தீவனம் என்ற சொல் சரி, அலகு மட்டும்தான் தவறு என்பது மூல ஆவணத்துக்குள்ளேயே நிரூபணமாகி இருந்தது.

இதை வக்கீல் சொன்னால் வாதம், நிபுணர் சொன்னால் சாட்சியம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கோழி ஊட்டச்சத்து கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரைப் பிடித்து, விதி 132-இன் கீழ் உறுதிமொழி வாக்குமூலம் வாங்கினோம். அவரிடம் இந்திய விண்ணப்பத்தைக் காட்டவில்லை. துணைப் பிடிஎஃப்பையும் காட்டவில்லை. ஏற்றியபடியே இருக்கும் பிழையான ஆவணத்தை மட்டும் கொடுத்து, இதில் என்ன தவறு, சரியானது எது என்று கேட்டோம். அம்மையாரின் யோசனை அது. விதி கேட்பதே, வெளி ஆவணம் எதுவும் இல்லாமல் படிப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதானே. பேராசிரியர் ஆலைக்காரர் போட்ட அதே கணக்கைத் தாமாகவே போட்டு எழுதிக்கொடுத்தார்.

ஆய்வாளரோடு நேர்காணல் நடந்தது. அட்டவணை பற்றி மட்டும்தான் கேட்டார். அடுத்த நடவடிக்கையில் புதுச்சரக்கு ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றார். ஓடா வழக்கை மேற்கோள் காட்டியிருந்தார். துணைப் பிடிஎஃப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதற்குச் சட்டத்தில் என்ன எடை என்ற கேள்வி எங்கள் வழக்கில் முடிவாகவில்லை. முடிவாகாமலே போனதில் ஒரு வழக்கறிஞனாக எனக்குக் கொஞ்சம் வருத்தம், கட்சிக்காரருக்குத் துளியும் இல்லை. பிறகு முந்தைய கண்டுபிடிப்புகளைக் காட்டி வந்த வழக்கமான மறுப்புக்கு உரிமைகோரலைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு, காப்புரிமை வாங்கினோம். மிச்சம் பிடித்தது 160 டாலர். நிபுணருக்கும் திருத்தத்துக்கும் ஆன செலவு அதைப்போலப் பல மடங்கு. அந்தச் செலவை அம்மையாரின் சட்ட அலுவலகம் தானாகவே ஏற்றுக்கொண்டது.

எழுத்துக் கோப்பாகத் தாக்கல் செய்வதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஜப்பான் 1990-இலேயே மின்வழித் தாக்கலுக்கு வந்துவிட்டது, கொரியா 1999-இல். படமாக வரும் பக்கத்தைக் கணினியை விட்டுப் படிக்கச் சொல்லி, அது தவறாகப் படித்ததை ஆள்வைத்துத் திருத்தி, மறுபடி தட்டச்சு செய்து வெளியிடுவதில் பிழை இல்லையா என்ன? எழுத்தாகவே கொடுத்தால் தேடலாம், உரிமைகோரல் எண் தவறினால் இயந்திரமே சொல்லும். ஏன் கேட்கிறார்கள் என்பதில் எனக்குச் சண்டையில்லை, எப்படிக் கேட்கிறார்கள் என்பதில்தான்.

ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து அமைப்பு இதையே வேறு விதமாகச் செய்கிறது. பிசிடி விண்ணப்பத்தை எழுத்துக் குறியீட்டு வடிவில் கொடுத்தால் 300 சுவிஸ் ஃபிராங்க் வரை கட்டணத்தில் கழிவு. கொடுக்காதவருக்கு அபராதம் இல்லை. அதைவிட முக்கியம், மாற்றுவதற்கு முந்தைய வடிவத்தையும் கூடவே தாக்கல் செய்துகொள்ளலாம். மாற்றத்தில் பிழை நேர்ந்திருந்தால் அந்த முந்தைய வடிவத்தைக் காட்டித் திருத்தக் கேட்க விதியிலேயே இடம் உண்டு. வேர்டில் எழுதுகிறவர் வேர்டை வைக்கட்டும், லாடெக்கில் எழுதுகிறவர் அதை வைக்கட்டும் என்கிற ஏற்பாடு. எழுதுகிறவன் எதைப் பார்த்துச் சரி என்று சொன்னானோ அதற்கு அங்கே மதிப்பு இருக்கிறது.

இப்போது எங்கள் அலுவலகத்தில் அமெரிக்காவுக்குப் போகும் ஒவ்வொரு கோப்பையும் சிம்பல் எழுத்துருவுக்காகத் தேடி, மியூவையும் ஆல்ஃபாவையும் பீட்டாவையும் யூனிகோடில் மாற்றி அடிக்கிறோம். அலகுகளை உரிமைகோரலில் முழுச்சொல்லாக எழுதுகிறோம். பதிவான மாற்றங்களும் ஓரக்குறிப்புகளும் ஒன்றுகூட உள்ளே தங்காதபடி துடைக்கிறோம். இந்திய விண்ணப்பம் முழுவதும் இதில் அடங்கும் என்ற வரியை முதல் பத்தியிலேயே வைக்கிறோம். அமெரிக்க அலுவலகத்தில் ஏற்றிய பிறகு அமைப்பு வரைந்து காட்டும் பக்கங்களை, அனுப்பு என்ற பொத்தானை அழுத்தும் முன் எங்களுக்கு அனுப்பச் சொல்கிறோம். இங்கே ஒருவர் எண்களையும் அலகுகளையும் மட்டும் படிக்கிறார். வாக்கியங்களை இன்னொருவர் படிக்கிறார். இரண்டையும் ஒருவரே படித்தால் கண் பொருளைத் தேடிக்கொண்டு ஓடி, எழுத்தை விட்டுவிடும்.

2025 ஜனவரி 19 முதல் அந்தக் கூடுதல் கட்டணம் 430 டாலர், சிறு நிறுவனத்துக்கு 172. என் இளைய வழக்கறிஞர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கெடு முடிய சில மணி நேரம்தான் இருக்கிறது, ஆவணம் முழுக்கக் கிரேக்க எழுத்தும் சமன்பாடும் வேதிக்கட்டமைப்புமாக இருக்கிறது, அமைப்பு எழுத்துரு எச்சரிக்கை காட்டுகிறது என்றால், கோப்பில் கைவைக்காதீர்கள். கட்சிக்காரரிடம் கேட்டு அந்த 172 டாலரைக் கட்டிவிட்டுப் பிடிஎஃப்பைப் போடுங்கள்.